மலைக்குப் போகிற வண்டி

மே 3, புதன்

மத்தியானம் கோகிலவாணி போன் செய்தாள். வால்பாறைக்கு மாறுதல் ஆணை வந்துவிட்டதாம். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

"வண்டிய இருபத்தெட்டாந் தேதி வந்து எடுத்துக்கறேனுங்க. உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லியே?"

இல்லை என்றேன். அதற்கப்புறம் பேச எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. எங்கள் எண்ணெய் மில்லில் கொப்பரை அரைபடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் பக்கம் அக்கா வீட்டு மிக்ஸி ஓடியது.

விவாகரத்துக்காக வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தில் வீடு எனக்கு, வண்டி அவளுக்கு. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மாருதி எண்ணூறு. நாங்கள் வாங்கும்போதே பழைய வண்டிதான். ஆறு மாதமாகப் போர்வை போர்த்திக் கிடக்கிறது. சாயங்காலம் போர்வையை எடுத்துவிட்டு பானட்டைத் திறந்தேன். பேட்டரி செத்துவிட்டது. பிரேக் ஆயில் டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கடுங்காப்பியாக இருந்தது.

ஒருத்தரிடம் வண்டியை ஒப்படைக்கிறோம் என்றால் சரிபார்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

மே 4, வியாழன்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது பெரிதில்லை. இறங்குவதுதான்.

மே 6, சனி

பேட்டரி மாற்றி, வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு அபுதாகிர் பட்டறைக்குப் போனேன். வண்டி வாங்கிய நாள் முதல் அவன்தான் பார்க்கிறான். டப்பா மூடியைத் திறந்ததும் சிரித்தான்.

"என்னங்ணா, பிரேக் ஆயிலுக்குப் பதிலா கசாயம் காச்சி ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"மாத்தி மூணு வருஷம் இருக்கும்."

"வண்டி எங்க போகுதுங்ணா?"

"வால்பாறை."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்றான். மலை இறங்கும்போது மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறும். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். "அப்ப மிதிச்சீங்கன்னா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். வண்டி நிக்காதுங்ணா."

எனக்குத் தெரியும் என்றேன். மில்லில் என் வேலையே கொப்பரையில் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான். அது மட்டுமில்லை, அந்தப் பஞ்சு பெடலை நான் ஒருமுறை மிதித்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் வால்பாறையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது. கியரைக் குறைத்து ஓரத்தில் நிறுத்தி, சக்கரம் ஆறியபின் வந்தோம். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஆயில் மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த வாரமே வேறு வேலைகள் வந்துவிட்டன.

எந்த ஆயில் என்பதில் குழப்பம். மூடியில் ஆயில் ரகம் டாட் மூன்று என்று பொறித்திருக்கிறது. உதிரிபாகக் கடைக்குப் போனால், கடைக்காரர் ஐந்துதான் உசத்தி என்று ஒரு டப்பாவை நீட்டினார். அபுதாகிருக்குப் போன் போட்டேன்.

"அய்யோ, அது சிலிகான்ங்ணா, பழசோட சேராது. வேண்டவே வேண்டாம். மூணே போதும். மலைக்குங்கறதால நாலு ஊத்துங்க. மூணும் நாலும் ஒரே சாதி, நாலு இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திப்போடணும்."

நான்கு வாங்கினேன். சீல் உடையாத டப்பா. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கோகிலாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால், யார் மாற்றுவார்கள் என்று கேட்பாளோ என்னவோ.

பட்டறைக்குத் திரும்பியதும், வேலையை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னான் அபுதாகிர். நானே செய்துகொள்கிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்பானர் செட்டை இரவல் கொடுத்தான்.

மே 7, ஞாயிறு

வண்டியைக் கழுவினேன். பின் சீட்டை வெளியே எடுத்துத் தட்டினேன். சீட்டுப் பைக்குள் பிளாஸ்டிக் கவர்கள், முக்கோணமாக மடித்தவை. கோகிலா மடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற வழியில் எப்போது வாந்தி வரும் என்று சொல்ல முடியாது. கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் இரண்டு மூன்று தேவைப்படும்.

அவற்றை எறியலாமா என்று யோசித்தேன். மலைப்பாதையில் யாருக்காவது தேவைப்படும். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மே 10, புதன்

கோகிலாவின் அக்கா பானுமதி மில்லுக்கே வந்துவிட்டார். தேங்காய் எண்ணெய் வாங்க வந்ததாகச் சொன்னார். உடுமலையில் எண்ணெய் கிடைக்காமல் இல்லை.

"மாப்ள, நீங்களாவது சொல்லுங்க. வால்பாறைய யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா? கலந்தாய்வுல உடுமலைலயே ஒரு எடம் இருந்துச்சு. இவதான் எனக்கு மலைதான் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கறா."

எனக்கு இது தெரியாது. அரசாங்கம் தூக்கிப் போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டாளுங்க."

"கேப்பா. நீங்க சொல்லித்தான் பாக்கறதில்ல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்த திட்டுனது இல்ல, அடிச்சது இல்ல. எதுக்குய்யா கோர்ட்டு?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் டின்னைப் பேருந்து வரை தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.

மே 13, சனி

பழைய ஆயிலை எடுக்க, பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். அதாவது பின்னால் இடது பக்கம். அங்கேதான் தகராறு. ஆயில் வெளியேறுகிற சின்ன நிப்பிள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. துரு இளக்குகிற எண்ணெயை விட்டு ஊறப் போட்டிருக்கிறேன்.

மே 14, ஞாயிறு

நிப்பிள் உடைந்துவிட்டது. இனி அந்தச் சக்கரத்தின் சிலிண்டரையே மாற்ற வேண்டும். அது கோயமுத்தூரில்தான் கிடைக்குமாம்.

கோர்ட்டில் மனுப் போட்ட ஒரு நாளைத் தவிர, கோயமுத்தூர் போகவேண்டிய தேவை போன ஆவணிக்குப் பிறகு எனக்கு வரவில்லை.

மே 16, செவ்வாய்

மில்லில் லீவு சொல்லிவிட்டு கோயமுத்தூர் போனேன். உதிரிபாகக் கடைக்கு அந்த ஆஸ்பத்திரி ரோட்டில் போனால் பக்கம். ஆட்டோக்காரரை வேறு வழியாகப் போகச் சொன்னேன். "அது சுத்து வழிங்க சார்" என்றார். பரவாயில்லை என்றேன். சிலிண்டர் கிடைத்தது. ரப்பர் குழாய்களும் நான்கு வாங்கினேன். பழையவை நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் மலை.

மே 18, வியாழன்

சிலிண்டரும் குழாய்களும் மாட்டியாகிவிட்டது. இனிப் பழைய ஆயிலை வெளியேற்றிப் புது ஆயிலை ஏற்றி, குழாயில் காற்று இல்லாமல் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

அபுதாகிர் ஒரு ஆளை அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

கோகிலாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரம் வர முடியுமா என்று கேட்டேன். வருகிறேன் என்றாள்.

மே 21, ஞாயிறு

காலையிலேயே வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். நானும் இளைத்துவிட்டதாக அவள் சொன்னாள். வீட்டுக்குள் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. வாசல் குழாயில் கையை வைத்துத் தண்ணீர் குடித்தாள். உள்ளே முதல் அறையின் கதவு சாத்தியிருப்பதை ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்தாள்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள்.

"என்ன பண்ணோணும், சொல்லுங்க."

"நான் மிதின்னு சொன்னா மிதிக்கோணும். பிடின்னா அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கோணும். நான் மூடிட்டு விடுன்னு சொன்னதுக்கப்புறந்தான் கால எடுக்கோணும். முன்னாலயே எடுத்துட்டா காத்து உள்ள போயிரும்."

"சரி."

நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டு படுத்தேன்.

"மிதி."

"மிதிச்சுட்டேனுங்க."

"பிடி."

"பிடிச்சிருக்கேன்."

திறந்தேன். கறுப்பாக வந்தது. மூடினேன். "விடு."

"விட்டுட்டேன்."

இப்படியே எத்தனை முறை என்று தெரியாது. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். போன ஒரு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. கறுப்பு மெல்லப் பழுப்பாயிற்று, பிறகு வெளுத்துக்கொண்டே வந்தது. நடுநடுவே எழுந்து டப்பாவில் புது ஆயிலை நிரப்பினேன். ஒரு சொட்டு வெளியே பட்டாலும் பெயிண்ட் உரிந்துவிடும் என்று ஈரத்துணியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பின் சக்கரம் இரண்டும் முடிந்து முன் சக்கரத்துக்கு வந்தோம். "பிடி" என்று திறந்தேன். பாதியில் ஆயில் உள்ளே இழுத்துக்கொண்டது. குழாயில் குமிழி குமிழியாகப் போயிற்று. காலை எடுத்துவிட்டாள்.

எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவர்கள் பின்னால் பார்க்கிற கண்ணாடி. அதில் பின் சீட்டு முழுக்கத் தெரியும்.

"கால் வழுக்கிருச்சுங்க" என்றாள்.

"பரவால்ல. மறுபடியும் பண்ணிக்கலாம்."

கண்ணாடியைத் திருப்பி மேலே பார்த்தாற்போல வைத்துவிட்டு வந்து படுத்தேன். அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து செய்தோம்.

முடிந்தபின் பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. அவளும் மிதித்துப் பார்த்தாள். "முன்ன எப்பவுமே இப்படி இருந்ததில்ல" என்றாள்.

என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். பிரேக் ஆயில் தெறித்துவிட்டது என்றேன். குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், என் தலையைப் பின்னால் சாய்த்து, தண்ணீரைக் கையில் பிடித்து ஊற்றி ஊற்றிக் கழுவினாள். கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னாள். திறந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு மணி பேருந்துக்குப் போய்விட்டாள்.

மே 22, திங்கள்

ஆயில் எதுவும் தெறிக்கவில்லை.

மே 28, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது. எழுதிவிட வேண்டும்.

இரண்டு பெட்டிகளோடு வந்தாள். மலையில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது வளைவு வரை நான் ஓட்டிக்கொண்டு போவது, அங்கிருந்து இறங்கும்போது அவள் ஓட்டுவது என்று முடிவாயிற்று.

ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நிறுத்தி அணையைப் பார்ப்பார்கள். நாங்களும் இறங்கினோம். வெயில் இருந்தது, காற்று குளிர்ந்திருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"உடுமலைல எடம் இருந்துச்சாமா?"

"அக்கா சொல்லிட்டாளா?"

"ஏன் இவ்ளோ தூரம், கோகிலா?"

அணையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க பாப்பாவ யாருக்கும் தெரியாதுங்க. கீழ எங்க போனாலும், எப்படி இருக்கீங்க டீச்சர்னு தலையச் சாய்ச்சுக் கேக்கறாங்க. அவகூட மூணாம் வகுப்பு படிச்ச புள்ளைங்க இப்ப அஞ்சாம் வகுப்பு போகுதுங்க. தெனமும் பாக்கறேன். அதுக ஒயரமாயிட்டே போகுதுங்க."

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. அத நீங்க தெரிஞ்சுக்கோணும். அவளுக்கு நீங்க பண்ணுனத எந்த அப்பனும் பண்ணியிருக்க மாட்டான். ஆனா காலைல எந்திரிச்சு நீங்க திரும்பிப் பாப்பீங்க பாருங்க, அந்த நெத்தி, அந்தப் புருவம். அவதான் பாக்கறா. தெனமும் எனக்கு அவ ஒருக்கா எந்திரிச்சு வர்றா, ஒருக்கா செத்துப்போறா. என்னால முடியலீங்க."

வக்கீலிடமோ பானுமதியிடமோ எங்கள் இரு வீட்டாரிடமோ சொல்ல முடியாத காரணம் இதுதான். எனக்குத் தெரிந்தே இருந்தது. அவள் வாயால் இன்றைக்குத்தான் கேட்டேன்.

பாப்பாவின் குரல் அப்படியே இவள் குரல்தான். நான் அதைச் சொல்லியிருக்கலாம். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கோ அவள் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரே வீட்டில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் சொல்லவில்லை.

"ரெண்டாவது கியர்லயே இறங்கு. பிரேக்க மிதிச்சுட்டே இருக்காத, விட்டு விட்டு மிதி" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் நான் தரையை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவையே இருக்கவில்லை. கேட்ட இடத்தில் வண்டி நின்றது. அடிவாரத்தில் இறங்கி நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை வைத்துப் பார்த்தேன். சூடு அளவாக இருந்தது. பெடல் கல்லாக நின்றது.

"அப்ப நான் இப்படியே கிளம்பறேனுங்க" என்றாள். பெட்டிகள் வண்டியிலேயே இருந்தன. மறுபடி பொள்ளாச்சி வந்து போவது வீண்தான். நான் ஆழியாறு பேருந்து நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன். வண்டி திரும்பி மலையைப் பார்த்துப் போயிற்று. முதல் வளைவு வரை தெரிந்தது.

மே 29, திங்கள்

"வந்து சேந்துட்டேன். பிரேக் நல்லா பிடிச்சுது" என்று நேற்றுச் சாயங்காலமே செய்தி அனுப்பியிருக்கிறாள். அதை எப்போது பார்த்தேன், எத்தனை முறை பார்த்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

ஜூன் 7, புதன்

வால்பாறையில் மழை பிடித்துவிட்டது என்று மில்லுக்கு வந்த தேயிலை லாரிக்காரர் சொன்னார். ரோட்டில் எங்கேயாவது மண் சரிந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்றேன்.

ஜூன் 15, வியாழன்

இன்று கோயமுத்தூர் குடும்ப நீதிமன்றம். நான் பேருந்தில் போனேன். அவள் மலையிறங்கி வண்டியிலேயே வந்திருந்தாள். சக்கரமெல்லாம் செம்மண்.

நீதிபதி ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். இல்லைங்க என்றோம். வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டே, "பிள்ளைங்க?" என்றார்.

"இல்லைங்கம்மா" என்றேன் நான்.

"ஒரு பொண்ணுங்கம்மா" என்றாள் கோகிலா, அதே நேரத்தில்.

நீதிபதி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார். அதில் எல்லாம் எழுதியிருக்கும்போல. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பாப்பா பேர் என்னம்மா?"

கோகிலா சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மித்ரா" என்று நான் சொன்னேன். போன ஆவணிக்குப் பிறகு அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை. "மித்ராங்கம்மா. ஒம்பது வயசு."

நீதிபதி தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவள் போகும் வழியில்தான் பொள்ளாச்சி. ஏறிக்கொள்ளுங்கள் என்றாள். ஏறிக்கொண்டேன். ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

கிணத்துக்கடவுக்கு முன்னால் ஒரு மாடு திடீரென்று ரோட்டுக்கு வந்தது. கோகிலா பிரேக்கை மிதித்தாள். மிதித்த அதே கணத்தில் அவளுடைய இடது கை பறந்து வந்து என் நெஞ்சுக்குக் கீழே குறுக்காக நின்றது. உள்ளங்கை விரிந்து, முன்னால் போய் மோதிவிடாதபடிக்குத் தடுத்துப் பிடித்திருந்தது.

வண்டி நின்றது. மாடு மெல்லக் கடந்து போயிற்று. கை அங்கேயே இருந்தது. அந்தக் கை எந்தப் பிள்ளையின் உயரத்துக்குப் பழகியதோ அந்த உயரத்தில்.

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து விலகிப் போயிற்று. அவள் ஓரங்கட்டினாள். கையை எடுக்கப் போனாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அழுதோம். ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு மூலையில் அழுதிருக்கிறோம். வீட்டில் அவள் குளியலறையிலும் நான் மொட்டை மாடியிலும் அழுதிருக்கிறோம். சேர்ந்து அழுதது இன்றைக்குத்தான். "மித்து, மித்து" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் சொன்னேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் துண்டால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அவள் வண்டியை எடுத்தாள்.

எங்கள் தெரு முனையில் நிறுத்தினாள். இருட்டுவதற்குள் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும், நேரமில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினேன். இனி மழையில் அவளுக்கு நாற்பது வளைவுகள். எனக்கு ஒரு தெருவைக் கடந்தால் வீடு.

கண்ணாடியை இறக்கினாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். திருப்பிக்கொள்ளவில்லை.

"பாத்துப் போங்க" என்றாள்.